எழுதப்படாத அரை மணித்தியாலம்

திருக்கடலூர்,
திருகோணமலை.
11.11.2024

இராகுலன்,

போன் எடுக்காமல் அக்கா ஏன் கடிதம் எழுதுறா எண்டு யோசிப்பாய். உன்ர குரலைக் கேட்டால் நான் திரும்பவும் ஏதாவது சொல்லிப்போடுவன். அதாலதான் எழுதுறன். ஆவணியில வாசல்ல நிண்டு உனக்குச் சொன்னதை நான் இன்னும் திருப்பி எடுக்கேல்ல. அதையும் முதலே சொல்லிப்போட்டு விசயத்துக்கு வாறன்.

நேற்று புல்மோட்டையில இருந்து தம்பிராசா எண்டு ஒருத்தர் வந்தவர். அங்க கரைவலை இழுக்கிற ஆள். வாடைக் காத்து தொடங்கினாப் பிறகு கடல் ஒதுக்கின குப்பைக்குள்ள ஒரு போட்டின்ர முன் அணியத் துண்டு கிடந்ததாம். நீலப் பெயின்ற். நம்பரில பாதி மிச்சம் இருந்திருக்கு. அதை வைச்சு விசாரிச்சு விசாரிச்சு எங்கட வீட்டைக் கண்டுபிடிச்சிருக்கிறார். உள்பக்கத்தில நீ செய்து பூட்டிக் குடுத்த பெட்டி அப்பிடியே இருந்ததாம். கழட்டி ஒரு துவாயில சுத்திக் கொண்டுவந்தவர். தேத்தண்ணி குடுத்தன். கோப்பையைக் கையில வைச்சுக்கொண்டு இருந்தார், குடிக்கேல்ல.

உன்ர அத்தானும் அவரோட தொழில் செய்யிற முத்தலிப்பும் ஆடியில கடலுக்குப் போனவை, திரும்பேல்ல. தேடினவை தேடிப்போட்டு விட்டிட்டினம். மாமி மட்டும் விடேல்ல. இந்தத் துண்டைக் கண்டிட்டும், போட் உடைஞ்சால் என்ன, ஆரும் கப்பல்காரர் ஏத்தியிருப்பினம், என்ர பிள்ளை எங்கயோ பாசை தெரியாத ஊரில நிக்கிறான் எண்டுறா. இல்லையெண்டு சொல்ல எனக்கும் வாய் வரேல்ல. அப்பிடி ஒதுங்கி உயிரோட வந்த ஆக்களின்ர கதையும் இங்க இருக்குத்தானே.

கிண்ணியாவில முத்தலிப்பின்ர மனிசி ஸல்ஹா இருக்கிறா. புருசன் மௌத்தாப் போயிட்டார் எண்டு நிச்சயமாத் தெரிஞ்சால்தான் அவ நாலு மாசம் பத்து நாள் வெளிய போகாமல் இத்தா இருக்கலாமாம். தெரியாமல் இருக்கவும் ஏலாது, இருக்காமல் விடவும் மனமில்லை. இங்க நான் பொட்டு வைச்சாலும் சனம் பாக்குது, வைக்காட்டியும் பாக்குது.

போட் போன பாதை முழுக்க இந்தப் பெட்டிக்குள்ள இருக்கும் எண்டு நீதானே சொன்னனி. இண்டைக்குக் கொழும்பு பஸ்ஸில குடுத்துவிடுறன். என்ன நடந்ததெண்டு பாத்துச் சொல்லு. வேற ஒண்டும் எழுதத் தேவையில்லை.

சுலோஜனா


வெள்ளவத்தை.
19.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. துவாயோடு அப்படியே அனுப்பியிருக்கிறீர்கள். உதறினபோது மேசையெல்லாம் மண்.

வேறு ஒன்றும் எழுதத் தேவையில்லை என்றீர்கள். ஆனால் இது திறந்தவுடன் தெரிகிற காரியம் இல்லை என்பதை எழுதத்தான் வேண்டும்.

வயர் போகிற ஓட்டையால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. உள்ளே எல்லாம் பச்சையாகப் பூத்துப்போய்விட்டது. பற்றரி செத்துவிட்டது. பாதையை எழுதி வைக்கிற மெமரி சிப் மட்டும், விரல் நகமளவு, பார்வைக்கு முழுசாக இருக்கிறது. கழுவி, காய வைத்து, வேறொரு பலகையில் பொருத்திக் கரண்ட் கொடுத்தேன். உயிர் இருக்கிறது.

ஆனால் அதில் இருப்பதை நேரே பார்க்க ஏலாது. சிப்புக்கும் கம்பியூட்டருக்கும் நடுவில் நின்று, கேட்டு வாங்கித் தருகிற ஒரு புரோகிராம் வேண்டும். அதை டிரைவர் என்போம். வழக்கமான டிரைவர்கள் நல்ல சிப்புக்கு எழுதப்பட்டவை. ஒரே மூச்சில் நிறையக் கேட்கும். இந்தச் சிப் மாதக்கணக்காகக் கடலில் கிடந்தது. நிறையக் கேட்டால் விறைத்துப்போய் நிற்கிறது. இரண்டு மூன்று தரம் அப்படி விறைத்தால், இது செத்த சிப் என்று முடிவுகட்டிவிட்டு டிரைவர் விலகிவிடும். மற்றப் பெட்டிகளுக்கு நான் எழுதினதும் அப்படித்தான் செய்யும்.

அப்படிச் சீக்கிரம் முடிவுகட்டாத ஒரு டிரைவரை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்து வந்துதான் இதில் இருக்கிறேன், சனி ஞாயிறு முழுக்க. கொஞ்சம் பொறுங்கள்.

மாமி சாப்பிடுகிறாவா? நீங்கள் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் கோபிப்பீர்கள்.

தம்பி
இராகுலன்


திருக்கடலூர்.
03.12.2024

இராகுலன்,

இங்க ஒரே மழை. கிண்ணியாப் பக்கம் வெள்ளம் நிண்டதால ஸல்ஹாவுக்கு வர ஏலாமல் போச்சு. முந்தநாள்தான் வந்தவ. உன்ர கடிதத்தை அவவுக்கும் வாசிச்சுக் காட்டினன். கதிரை நுனியில இருந்து கேட்டுப்போட்டு, "செத்தது எண்டு சொல்லாத டிரைவரா" எண்டு ஒருக்கால் சொல்லிப் பாத்தா. போகேக்க முருங்கையிலை ஒரு கட்டு வைச்சிட்டுப் போனவ.

நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காமல் பதில் சொல்லு. உன்ர பெட்டி ஆரையும் கூப்பிடாது. ஆபத்து எண்டு ஒருத்தருக்கும் சொல்லாது. ஞாபகம் மட்டும் வைச்சிருக்கும். அப்பிடியொரு பெட்டி என்னத்துக்கு? அது வர முந்தி அவர் கரை கண்ணுக்குத் தெரியிற தூரத்துக்கு அங்கால போறதில்லை. வந்தாப் பிறகு, மச்சான்ர பெட்டி திரும்பி வர வழி காட்டும் எண்டு தூரம் தூரமாப் போகத் தொடங்கினவர். மீனும் பட்டதுதான், இல்லையெண்டேல்ல. நீயும் கரையில நிண்டு சந்தோசமாப் படம் எடுத்தனி. இதைத்தான் ஆவணியிலயும் சொன்னனான். சத்தம் போட்டுச் சொன்னன். இப்ப சத்தமில்லாமல் எழுதுறன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பாமசிக்குத் திரும்பவும் வேலைக்குப் போறன். மருந்து வாங்க வாற ஆக்கள் டொக்டரின்ர துண்டை நீட்டாமல் முதல்ல என்ர நெத்தியைத்தான் பாக்கினம். சிலர், "ஏதும் தகவல்?" எண்டு கேக்கினம். ஒரு மனிசி, "இன்னும் ஒண்டும் முடிவாகேல்லையோ" எண்டு கேட்டவ. நான் அவவின்ர பிறசர் குளிசையை எண்ணிக் குடுத்துப்போட்டு உள்ளுக்கப் போயிட்டன்.

கொழும்பில இந்த வேலைக்கெண்டே கடையள் இருக்காமே. நீ கிடந்து மினக்கெடாமல் அங்க குடுத்தால் என்ன?

சுலோஜனா


வெள்ளவத்தை.
14.12.2024

அன்புள்ள அக்கா,

கடையொன்றுக்குக் கொண்டுபோனேன். சிப்பைச் சூடாக்கிக் கழற்றித் தங்கள் மெசினில் போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். சூடாக்கினால் தப்புமோ என்று கேட்டேன். அது சொல்ல ஏலாது என்றார்கள். திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். கூப்பிடுகிற பெட்டிதான் செய்ய ஆசைப்பட்டேன். கரையிலிருந்து கொஞ்சம் போனால் போன் சிக்னல் இல்லை. செய்மதியோடு பேசுகிற பகுதியைப் போட்டால் சின்னப் போட் வைத்திருக்கிற ஒருவராலும் பெட்டியை வாங்க ஏலாது. அதனால் ஏலுமானதைச் செய்தேன். நீங்கள் சொல்வது பிழை என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. சரி என்று எழுதவும் வரவில்லை.

புது டிரைவர் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஒரு வாய் சோறு மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கேட்கும். சிப் விறைத்தால் கரண்டை நிறுத்தி, சூடு ஆறவிட்டு, விட்ட இடத்தில் இருந்து திரும்பக் கேட்கும். ஒரே இடத்துக்கு மாறி மாறிப் பதில் வந்தால் மூன்று தரம் கேட்டு, இரண்டு பதில் ஒத்துப்போனால் அதை எடுத்துக்கொள்ளும். பழைய நாட்கள்தான் முதலில் வருகின்றன.

அத்தான் மீன் பட்ட இடங்களுக்கெல்லாம் பெட்டியில் தட்டிப் பேர் வைத்திருக்கிறார், அக்கா. அது எனக்குத் தெரியாது. ஒரு இடத்துக்குப் பேர் 'மாமியார் சொன்னது'. ஒன்று 'முத்தலிப் தூங்கின இடம்'. இன்னொன்று 'ஸல்ஹாவின் இடியப்பம்'. அங்கே இருந்துதான் சாப்பிட்டிருப்பார்கள் போல. குச்சவெளிக்கு நேரே ஒரு இடத்துக்கு 'சுலோ கோவம்' என்று போட்டிருக்கிறார். ஏனென்று உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் இப்போதே சொல்லிவிட வேண்டும். இந்தச் சிப் மலிவானது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் சிலேட் தேய்வதுபோல் தேய்ந்துவிடும். முதல் செய்த பெட்டிகள் நிமிசத்துக்கு ஒரு தரம் எழுதின. சில மாதங்களில் ஒவ்வொன்றாகப் பழுதாகின. அத்தான்தான் முதலாவதாகக் கொண்டுவந்து, "மச்சான், உன்ர பெட்டிக்கு மறதி வந்திட்டுது" என்றவர். நல்ல சிப் வாங்க வழியில்லை. அதனால் டிரைவரை மாற்றினேன். அரை மணித்தியாலப் பாதையைக் கையில் வைத்திருந்து ஒரேயடியாக எழுதும். சிப் வருசக்கணக்காகத் தாங்கும். ஆனால் நடுவில் கரண்ட் நின்றால் கையில் இருப்பது போய்விடும். அதை அவருக்குச் சொல்லித்தான் கேட்டேன். "அரை மணித்தியாலத்தில என்ன வந்திடப் போகுது மச்சான், பூட்டு" என்றார்.

ஆகவே கடைசி அரை மணித்தியாலம் இதில் இருக்காது.

இராகுலன்


திருக்கடலூர்.
07.01.2025

தம்பி,

பேருகளை மாமிக்கு வாசிச்சன். 'மாமியார் சொன்னது' எண்டவுடன அவ, "அது நான் சொன்ன இடமில்லை, உன்ர அம்மா சொன்ன இடமாத்தான் இருக்கும்" எண்டு சொல்லிச் சிரிச்சவ. ஆடிக்குப் பிறகு இப்பத்தான் இந்த வீட்டில ஒரு சிரிப்புச் சத்தம். பிறகு எழும்பிக் குசினிக்குள்ள போய் நிண்டவ. நான் பின்னால போகேல்ல.

'சுலோ கோவம்' எனக்குத் தெரியும். அண்டைக்குப் போக முந்திக் கரையில இருந்து அடிச்ச போனை நான் எடுக்கேல்ல எண்டு அவர் திரும்பி வந்து சொன்னவர். எதுக்குக் கோவிச்சனான் எண்டுதான் இப்ப ஞாபகம் வரேல்ல. எவ்வளவு யோசிச்சும் வரேல்ல.

அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றி எழுதியிருந்தனி. நான் திரும்பத் திரும்ப வாசிச்சுப் பாத்தன். விறைச்ச சிப்பையே கதைக்க வைச்சிட்டாய். அதையும் எப்பிடியாவது எடு. மற்ற நாள் எல்லாம் எங்களுக்குத் தெரிஞ்ச நாளுகள்தானே. போனவர், மீன் பிடிச்சவர், வந்தவர். எனக்குத் தேவை அந்தக் கொஞ்ச நேரம்தான். எவ்வளவு காலம் எடுத்தாலும் நான் அவசரப்படுத்த மாட்டன்.

பொங்கலுக்கு நாங்கள் பொங்கமாட்டம். நீ அங்க தனியப் பொங்கிச் சாப்பிடு.

அக்கா


வெள்ளவத்தை.
15.01.2025

அன்புள்ள அக்கா,

எடுக்க ஏலாது.

பழுதான இடத்தில் இருந்தால், அழிந்த இடத்தில் இருந்தால்கூட, கொஞ்சமாவது முயற்சி செய்யலாம். இது எழுதப்படவே இல்லை. கரண்ட் இருக்கும் வரைக்கும் மட்டும் இருந்த ஒன்று. பெட்டிக்குள் தண்ணீர் போன கணத்தில் இல்லாமல் போய்விட்டது. கொழும்பில் இல்லை, வேறு எந்த நாட்டுக்குக் கொண்டுபோனாலும் ஒருவராலும் ஏலாது. உங்களுக்கு ஆசை காட்டி வைத்திருக்க எனக்கு மனமில்லை.

அதற்கு முந்தின இரண்டு நாள் இன்னும் வரவில்லை. அந்தப் பகுதிதான் கூடப் பழுது. சில நாள் ஒன்றுமே தராமல் இருக்கிறது. சில நாள் கேட்காமலே தருகிற மாதிரி அள்ளித் தருகிறது. பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

நானும் பொங்கவில்லை.

இராகுலன்


திருக்கடலூர்.
11.02.2025

இராகுலன்,

போன கிழமை ஸல்ஹா ஆள் விட்டிருந்தா. இனித் தான் வெளிய வரமாட்டன், அக்காவை ஒருக்கால் வந்திட்டுப் போகச் சொல்லுங்கோ எண்டு. ஏதும் வருத்தமோ எண்டு பயந்து, பாமசியில அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு கிண்ணியா பஸ்ஸில போனனான்.

அவ வெள்ளை உடுத்திருந்தா. அறைக்குள்ள பாயில இருந்தவ. என்னைக் கண்டவுடன கையைப் பிடிச்சவ. எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. "என்ன ஸல்ஹா இது" எண்டு கேட்டன்.

"ஒங்கட தம்பி வந்து பள்ளிவாசல்ல எல்லாம் வெளங்கப்படுத்திட்டுப் போனாரு அக்கா. ஒங்களுக்குச் சொல்லல்லயா?" எண்டவ.

நான் இல்லையெண்டு தலையாட்டினன். அவவுக்கு முகம் மாறிப்போச்சு. என்னைத் தனக்குப் பக்கத்தில இருத்திப்போட்டு, தானும் அழாமல் இருந்தா. இத்தா இருக்கிற பொம்பிளை என்னைத் தேத்துறா. நான் தாலியோடயும் பொட்டோடயும் அவவுக்குப் பக்கத்தில இருக்கிறன்.

என்ர புருசன் இல்லையெண்டதை நான் ஸல்ஹாவின்ர சீலையில பாத்துத்தான் தெரிஞ்சுகொண்டனான், இராகுலன். கூடப் பிறந்தவன் சொல்லித் தெரிஞ்சுகொள்ளேல்ல.

கிண்ணியா வரைக்கும் வந்தனி. பாலத்தைக் கடந்து என்ர வீட்டை வர ஏலாமல் போச்சோ? இனி வராதை எண்டு ஆவணியில சொன்னனான்தான். அதைச் சாட்டா வைச்சு நீ தப்பிப்போயிட்டாய். என்னைப் பற்றி நல்லாத் தெரிஞ்ச ஆள் நீ. நான் கத்தினால் கத்திப்போட்டுச் சோறு போடுவன் எண்டும் உனக்குத் தெரியும்.

மாமிக்கு இன்னும் சொல்லேல்ல. என்ன சொல்லுறதெண்டும் தெரியேல்ல. ஸல்ஹாவுக்குச் சொன்னதை எனக்கும் எழுது. ஒண்டையும் விடாதை.

சுலோஜனா


வெள்ளவத்தை.
17.02.2025

அக்கா,

அந்த இரண்டு நாளும் சிப்பில் இருந்து வந்த கிழமை ஸல்ஹாதான் போன் எடுத்துக் கூப்பிட்டவ. எழுத்தில் தந்தால் போதாது, பெட்டியைத் திறந்த ஆள் வந்து நேரில் சொன்னால்தான் மௌலவி ஏற்றுக்கொள்வார் என்று. அவ கேட்டபோது மறுக்க ஏலவில்லை. அவ கேட்கிறதுக்கு ஒரு முடிவு இருந்தது, அக்கா. நான் சொன்னால் அவ இத்தாவைத் தொடங்குவா. உங்களுக்குச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது கிண்ணியாவில் நின்றேன். திருகோணமலை பஸ் வந்தது. ஆட்கள் ஏறினார்கள். கொண்டக்டர், "தம்பி வரல்லயா" என்று கேட்டார். நான் ஏறவில்லை. நீங்கள் ஆவணியில் சொன்னதால் இல்லை. உங்கள் முகத்துக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவ்வளவுதான் காரணம். வேறு சாட்டு ஒன்றும் இல்லை.

இனி எழுதுகிறேன். ஒன்றையும் விடவில்லை.

பின்னேரம் வழக்கம்போல் போயிருக்கிறார்கள். கிழக்கே நல்ல தூரம். இரவு அங்கேயே நின்று வலை போட்டிருக்கிறார்கள். விடிய முந்தி வீட்டுப் பக்கம் திரும்பினது பாதைக் கோட்டில் தெரிகிறது, நேர்கோடு, நல்ல வேகம். நடு வழியில் வேகம் ஒரேயடியாக விழுகிறது. எஞ்சின் நின்றிருக்கிறது. பிறகு அது ஓடவே இல்லை.

நீரோட்டம் வடக்கே கொண்டுபோயிருக்கிறது. வெயில் ஏறும் நேரம் குச்சவெளிக்கு நேரே நிற்கிறார்கள். இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். ஒன்றையும் விடாதே என்றீர்கள். அந்த இடத்தில் இருந்து கரை தெரியும், அக்கா. பனைகள் தெரியும்.

பிறகு கச்சான் தொடங்கியிருக்கிறது. கரையில் இருந்து வெளியே தள்ளுகிற காற்று. போட் வெளியேதான் போக வேண்டும். ஆனால் கோடு கரைப் பக்கம் வருகிறது. முதலில் சிப் பிழையாகச் சொல்கிறது என்று நினைத்தேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒவ்வொரு தரமும் அதே பதில். காற்றுக்கு எதிராகப் போட் தானாக வராது. துடுப்புத் தண்டு வலித்திருக்கிறார்கள். காலை முழுக்க வலித்திருக்கிறார்கள். கொஞ்சத் தூரம் கரைக்கு வருகிறது, கோடு வெளியே வழுக்குகிறது, திரும்பவும் கரைக்கு வருகிறது. ஆள் மாறியிருப்பார்கள், அல்லது இளைப்பாறியிருப்பார்கள். மத்தியானம் காற்று கூடினபோது கோடு வெளியே திரும்பிவிட்டது. பொழுதுபடக் காற்று கொஞ்சம் விழுந்திருக்கிறது. அப்போது இன்னொரு தரம் கரைப் பக்கம் வந்திருக்கிறார்கள். அது முந்தினதைவிடக் குறைவு.

அடுத்த நாள் வலிக்கவில்லை. காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது. கரை இல்லாத தூரம். அன்றைக்குக் கடல் கடும் மோசம் என்று தேடப் போனவர்களும் சொன்னவர்கள்தானே. பின்னேரம் ஒரு தரம் பெட்டி எழுதியிருக்கிறது. அதுதான் கடைசி. அடுத்த அரை மணித்தியாலத்துக்குள் போட் கவிழ்ந்திருக்கிறது. நிமிர்ந்து நின்றிருந்தால் பெட்டி இன்னும் எழுதியிருக்கும். பற்றரி அப்போதும் நல்லாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது பெட்டிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. மௌலவிக்கும் அப்படித்தான் சொன்னேன். அவர், அந்தத் தூரத்தில், அந்தக் காற்றில், இவ்வளவு மாதத்துக்குப் பிறகு என்றார். வசனத்தை முடிக்கவில்லை.

டிரைவரைத் திரும்ப மாற்றியிருக்கிறேன். வேகம் ஒரேயடியாக விழுந்தால் இனிப் பெட்டி கையில் வைத்திருக்காது, அப்போதப்போதே எழுதும். சிப் கெதியாகத் தேய்ந்தால் தேயட்டும். இதை முதலே செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள்.

இராகுலன்


திருக்கடலூர்.
10.03.2025

தம்பி,

உன்ர கடிதம் வந்து கன நாளா அலுமாரிக்குள்ள கிடந்தது. வாசிச்சிட்டுத்தான் வைச்சனான். தண்டு வலிச்ச இடத்தை மட்டும் எத்தனை தரம் வாசிச்சன் எண்டு தெரியாது. அவருக்கு இடது தோள்மூட்டு நோ. கடைசி நாள் வரைக்கும் எண்ணெய் தேச்சுவிட்டது நான்தான். அந்தத் தோளோட ஒரு காலமை முழுக்க.

போன வெள்ளிக்கிழமை மாமிக்குச் சொன்னனான். காலமை கோப்பி குடுத்திட்டு, அவ குடிச்சு முடியும் வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தன். பிறகு கீழ நிலத்தில இருந்து உன்ர கடிதத்தை எடுத்து வாசிச்சன். மௌலவியின்ர கதையையும் கிண்ணியாவையும் விட்டிட்டு, கடல்ல நடந்ததை மட்டும் வாசிச்சன். குச்சவெளிக்கு நேர கரை தெரிஞ்சிருக்கும் எண்டதையும் வாசிச்சன். விடுவமோ எண்டு பாத்தன், விட ஏலேல்ல.

அவ இடையில ஒண்டும் கேக்கேல்ல. வெளிய மீன்காரன்ர கோர்ண் சத்தம் கேட்டு நிண்டுது. பிறகுதான் கேட்டவ.

"கடைசியில அவன் தனிய இருந்தவனோ பிள்ளை?"

நான் கடிதத்தைப் பாத்தன். அதில என்ன இருக்கு, என்ன இல்லை எண்டு எனக்குத் தெரியும். ஆனாலும் பாத்தன்.

"இல்லை மாமி. முத்தலிப் பக்கத்திலதான் இருந்தவன்."

"பெட்டியில அப்பிடி இருக்கோ?"

"ஓம் மாமி. இருக்கு."

அதுக்குப் பிறகுதான் அவ அழுதவ. ஆடியில இருந்து அழாத அழுகை எல்லாம் அழுதவ. நான் மடியில சாய்ச்சு வைச்சிருந்தன். என்ர பொட்டை அவதான் தன்ர சீலைத் தலைப்பால துடைச்சுவிட்டவ.

அடுத்த நாள் கிண்ணியாவுக்குப் போய் ஸல்ஹாவுக்கும் அதையே சொன்னனான். அவ என்னை நிமிந்து பாத்தா. நீ பள்ளிவாசல்ல என்ன சொன்னனி எண்டு அவவுக்குத் தெரியும்தானே. பொய் எண்டு விளங்கியிருக்கும். "எனக்கும் அப்பிடித்தான் தெரியும் அக்கா. எங்கட ஆள் ஒங்கட தவராசாண்ணன்ட கைய உட்டிருக்க மாட்டாரு" எண்டு சொல்லிப்போட்டு என்ர கையைத் தன்ர மடியில வைச்சுக்கொண்டிருந்தா.

பங்குனி முடிய முந்திக் கிரியை செய்யிறதெண்டு ஐயரோட கதைச்சிருக்கு. வீட்டில ஆம்பிளை எண்டு நிக்க நீதான் இருக்கிறாய். நாள் சரிவந்தவுடன எழுதுறன், லீவு போட்டிட்டு ரயிலில வா. முத்தலிப்பின்ர தம்பியும் வாறனெண்டு சொன்னவர். கடற்கரை வரைக்கும் கூட நிப்பாராம்.

ஆவணியில சொன்னதை நான் திருப்பி எடுக்கிறனோ இல்லையோ எண்டு எனக்கு இன்னும் தெரியேல்ல. அது தெரியும் வரைக்கும் நீ வராமல் இருக்கத் தேவையில்லை. முன் அறையைக் கூட்டி வைச்சிருக்கிறன்.

நீ வந்தால் மாமி உன்னட்டையும் கேப்பா. பெட்டியைத் திறந்த ஆள் நீதானே, உன்ர வாயால கேக்க அவவுக்கு ஆசை இருக்கும். யோசிச்சுக்கொண்டு நிக்காதை. என்ர முகத்தையும் பாக்காதை. ஓம் மாமி, ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் ஒண்டாத்தான் இருந்தவை எண்டு சொல்லு.

அக்கா